வாதாபி எரிந்த பிறகு

குழந்தைக்குச் சோறூட்டி முடித்ததும் வயிற்றைத் தடவி, 'வாதாபி ஜீரணம்' சொல்லும் பாட்டிகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டுக்கறியாகி முனிவர் வயிற்றுக்குள் போன அசுரனை அகத்தியர் அங்கேயே செரித்துவிட்ட கதை அது. கொஞ்சம் வளர்ந்ததும் அதே பெயர் கச்சேரி மேடையிலிருந்து, ஹம்ஸத்வனியில், பிள்ளையாரோடு சேர்ந்து காதில் விழுகிறது. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தைக் கையில் எடுக்கும் வயது வந்ததும் அது தீப்பற்றி எரியும் நகரமாகிவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் வாதாபி நமக்குத் தோற்றுப்போன ஊர்தான். அங்கே இன்று என்ன விளைகிறது, என்ன சாப்பிடுகிறார்கள், பெண்கள் என்ன சேலை உடுத்துகிறார்கள் என்று நாம் விசாரித்ததே இல்லை.

வாதாபியின் இன்றைய பெயர் பாதாமி. வட கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகர். 1997இல் பிஜாப்பூரிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 19 லட்சம். வடக்கே கிருஷ்ணா, நடுவில் கட்டப்பிரபா, தெற்கே மலப்பிரபா. மூன்றுமே மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து கிழக்கே ஓடுகிறவை. பின்னிரண்டும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே கிருஷ்ணாவில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. இத்தனை ஆறு இருந்தும் இது வறண்ட சீமை. மழையை மலைத்தொடரே பிடித்து வைத்துக்கொள்கிறது. இங்கே வந்து சேர்வது ஆற்றுநீரும் வெயிலும்தான்.

கரிசலும் செம்பாறையும்

ஹூப்ளியில் இறங்கி, கதக் வழியாக வடக்கே போகும் ரயிலில் ஏறினால், ஜன்னலுக்கு வெளியே கோவில்பட்டிச் சீமைக்காரர்களுக்குப் பழக்கமான கரிசல் விரிகிறது. மார்கழி, தை மாதங்களில் அதன்மேல் ஆளுயரத்துக்கு வெண்சோளம் நிற்கும். பருவமழை மண்ணுக்குள் விட்டுப்போன ஈரத்தையும் இரவுப் பனியையும் மட்டும் நம்பி விளைகிற பயிர் அது. எள்ளு அமாவாசை அன்று குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வயலுக்குப் போய், சமைத்து எடுத்துவந்த பதார்த்தங்களை நான்கு பக்கமும் இறைத்துப் பூமிக்குப் படைக்கிறார்கள். 'சரக செல்லுவது' என்று அதற்குப் பெயர். சூல்கொண்ட பெண்ணுக்குச் செய்யும் வளைகாப்பைப் போல, கதிர் கட்டும் நிலத்துக்கு ஒரு சீமந்தம்.

பாதாமி நெருங்கும்போது கரிசல் முடிந்து செம்பாறைக் குன்றுகள் எழுகின்றன. நிலத்தில் உயிர்கள் நடமாடுவதற்கு வெகுகாலம் முன்பே ஆறும் ஆழமில்லாத கடலும் கொண்டுவந்து படியவிட்ட மணல், இறுகிக் கல்லானது. புவியியலாளர்கள் இந்தப் பாறைத் தொகுதிக்கு இட்ட பெயர் கலாதகி. கலாதகி இதே மாவட்டத்தில் கட்டப்பிரபா கரையில் இருக்கும் சிற்றூர். 1885 வரை வெள்ளைக்காரர்களின் மாவட்டத் தலைநகரமாக இருந்தது. தலைநகரம் பிஜாப்பூருக்குப் போன பிறகு ஊர் அடங்கிவிட்டது, பெயர் மட்டும் பாறைக்குள் தங்கிவிட்டது.

இந்தப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மாவட்டம் புரியும். மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்தது. அடுக்கு பார்த்து உளி வைத்தால் பலகையாகப் பிளந்து கொடுக்கும். பல்லவன் மகேந்திரவர்மனின் ஆட்கள் மண்டகப்பட்டில் மோதிப் பார்த்த கருங்கல்லின் பிடிவாதம் இதற்கு இல்லை. கூரைக்குப் பலகை, தூணுக்குக் கட்டை, சிற்பத்துக்கு மென்மை என மூன்றும் ஒரே குன்றில் கிடைத்தன. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி எட்டாம் நூற்றாண்டு வரை மலப்பிரபா பள்ளத்தாக்கு ஒரு பெரிய பட்டறையாக இருந்ததற்கு அரசர்களின் ஆசையோடு இந்தக் கல்லும் காரணம்.

பாதாமி: அண்ணனுக்கு ஒரு குகை

இரண்டு செங்குத்துக் குன்றுகள், நடுவில் ஓர் ஏரி, ஏரியின் மேற்கே ஊர். ஏரிக்குப் பெயர் அகஸ்திய தீர்த்தம். நம்மூர் முனிவர் இங்கேயும் முந்திக்கொண்டிருக்கிறார். படித்துறையில் பெண்கள் துணி அடித்துத் துவைக்கும் சத்தம் பாறையில் பட்டு எதிரொலிக்கிறது. கிழக்குக் கோடியில் தண்ணீரை ஒட்டிப் பூதநாதர் கோயில். வடக்குக் குன்றில் 543ஆம் ஆண்டு சாளுக்கிய அரசன் முதலாம் புலிகேசி கோட்டை கட்டினான் என்று பாறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு பீரங்கி கிடக்கிறது. அது திப்புவின் காலத்து மிச்சம். 1786இல் மராத்தியரும் நிஜாமும் சேர்ந்து முற்றுகையிட்டுத் திப்புவிடமிருந்து இந்தக் கோட்டையைப் பறித்தார்கள். வாதாபியை முற்றுகையிடுவது பல்லவர்களோடு முடிந்துபோன காரியம் இல்லை.

தெற்குக் குன்றில் நான்கு குடைவரைகள். முதலாவது சிவனுக்கு. வாசலிலேயே பதினெட்டுக் கைகளோடு நடராசர் ஆடுகிறார். சிதம்பரத்தின் தூக்கிய திருவடிக்குப் பழகிய கண்ணுக்கு இந்த ஆட்டம் வேறு. கைகள் விசிறியாக விரிந்து, ஒரே உடம்பில் பல கணங்கள் சேர்ந்து தெரிகின்றன. அடுத்த இரண்டும் திருமாலுக்கு. நான்காவது சமணருக்கு, கொடி சுற்றிய பாகுபலியும் பார்சுவநாதரும் நிற்கிறார்கள். குரங்குகள் எல்லாச் சமயத்துக்கும் பொது. கையில் பிஸ்கெட் பாக்கெட் இருந்தால் படியிலேயே வசூல் முடிந்துவிடும்.

மூன்றாம் குகைதான் பெரியது. பாம்பணையில் கால் மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்த திருமாலை அங்கேதான் பார்த்தேன். கிடந்த கோலத்துக்கே பழகியவர்களுக்கு அந்த மிடுக்கு புதிது. 578ஆம் ஆண்டு, கார்த்திகைப் பௌர்ணமியில் இதை மங்களேசன் தன் அண்ணன் கீர்த்திவர்மனின் ஆட்சியில் எடுப்பித்தான். இதன் புண்ணியம் முழுவதும் அண்ணனைச் சேரட்டும் என்று கல்வெட்டில் எழுதியும் வைத்தான். பிறகு அண்ணன் இறந்தான், தம்பி அரியணை ஏறினான். அண்ணன் மகன் வளர்ந்து நின்றபோது, தன் மகனுக்கே பட்டம் கட்டப் பார்த்த மங்களேசன் அந்தச் சண்டையில் அரசையும் உயிரையும் இழந்தான். சித்தப்பனை வென்ற அந்தப் பிள்ளைதான் இரண்டாம் புலிகேசி. நர்மதைக் கரையில் ஹர்ஷனை நிறுத்தியவன், தெற்கே வந்து மகேந்திரவர்மனைக் காஞ்சி மதிலுக்குள் அடைத்தவன்.

அதற்கான பதிலடி 642இல் வந்தது. மணிமங்கலத்தில் தொடங்கித் துரத்திக்கொண்டே வந்த பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். ஏரிப் பக்கத்துப் பாறை ஒன்றில் அவனுடைய பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பாதி சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. காஞ்சிக்காரர்கள் ஒரு தலைமுறையின் பாதியையாவது இங்கே கழித்தார்கள். பிறகு புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் ஊரை மீட்டுக்கொண்டு, 674இல் உறையூர் வரைக்கும் வந்து பாசறை போட்டான். படைத்தலைவராகப் போன பரஞ்சோதி கொண்டுவந்தவையாகப் பெரிய புராணம் மணிகளையும் நிதிக் குவியலையும் யானை குதிரைகளையும் சொல்கிறது, கச்சேரிப் பாட்டில் வரும் வாதாபிப் பிள்ளையாரைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையார் பிற்காலத்துச் செவிவழிச் செய்தியில் ஏறி வந்தவர்.

பல்லவக் கல்வெட்டைத் தேடி வருகிற தமிழர்கள் ஏரியின் வடகரைப் பாறையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கப்பெ அரபட்டன் என்ற ஒருவனைப் பற்றி ஏறத்தாழ 700ஆம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டு அது. அவன் யார், என்ன செய்தான் என்று வேறெங்கும் விவரம் இல்லை. நல்லவனுக்கு நல்லவன், கெட்டவனுக்குக் கெட்டவன் என்ற தோரணையில் புகழ்கிறது. அதன் பெருமை பாட்டின் அமைப்பில் இருக்கிறது. மூன்றடிப் பாவான திரிபதியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கன்னட வரிகள் இவை. அதே திரிபதியில்தான் பின்னால் சர்வக்ஞர் பாடினார். அதே திரிபதியில்தான் இந்தச் சீமைப் பெண்கள் விடியற்காலையில் திரிகை சுற்றிச் சோளம் அரைத்துக்கொண்டே பாடிவந்தார்கள். கோட்டைக்காரர்கள் பலமுறை மாறினார்கள். பாட்டின் நடை மாறவில்லை.

பனசங்கரியில் ஒரு சாப்பாடு

பாதாமியிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் பனசங்கரி கோயில். தெப்பக்குளத்தைச் சுற்றிய கல்மண்டபத்தின் நிழலில் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். கூடைக்குள் அப்பளம் போல மொறுமொறுத்த சோள ரொட்டி, நிலக்கடலைச் சட்னிப் பொடி, புண்டிப் பல்யா எனப்படும் புளிச்சகீரைக் கடைசல், எண்ணெயில் குளித்த பிஞ்சுக் கத்தரிக்காய், மண்கலயத்தில் தயிர். "பர்ரி அண்ணா, ஊட்டா மாட்ரி" என்று ஒரு அம்மாள் கூப்பிட்டார். வட கர்நாடகத்துப் பேச்சில் எந்த வாக்கியமும் 'ரீ' போடாமல் முடியாது. நம் 'ங்க'வுக்கு நேர் உறவு. காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. நான் தயிருக்குக் கை நீட்டியதும், "தமிழ்நாட்டுக்காரருக்குக் காரம் ஆகாதோ?" என்று அவர் பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்லிச் சிரித்தது எனக்குப் புரியும் அளவுக்குக் கன்னடம் வரும். ஆந்திரத்துக்காரர்கள்கூட இங்கே வந்தால் சற்று யோசித்துத்தான் சாப்பிட வேண்டும்.

புஷ்ய மாதப் பௌர்ணமிக்கு, பெரும்பாலான ஆண்டுகளில் நம் தைப்பூசத்தை ஒட்டி, இங்கே ஜாத்ரெ தொடங்குகிறது. தேர் ஓடி முடிந்த பிறகும் வாரக்கணக்கில் திருவிழா நீளும். நாடகக் கம்பெனிகள் கொட்டகை போட்டு விடிய விடிய ஆடுகின்றன. டிவியும் செல்போனும் வந்த பிறகும் தொழில்முறை நாடகக் கம்பெனிகள் இங்கே பிழைத்திருப்பது பெரிய விஷயம். புது வீடு கட்டுகிறவர்கள் வேலைப்பாடு செய்த கதவு நிலைகளை இந்த ஜாத்ரெயில்தான் வாங்குகிறார்கள். பனசங்கரிக்கு இன்னொரு பெயர் சாகம்பரி, பஞ்சகாலத்தில் காய்கறியாய் வந்து பசி தீர்த்தவள். மழை குறைந்த சீமைக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் இருக்க முடியாது.

ஐஹொளெ: கோயிலுக்குள் குடித்தனம்

மலப்பிரபாவை ஒட்டிக் கிழக்கே போனால் பட்டதக்கல், அதைத் தாண்டி ஐஹொளெ. நான் முதலில் ஐஹொளெக்குப் போனேன். காலவரிசைக்கு அதுதான் பொருத்தம்.

நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் ஒரு கிராமத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் சிதறிக் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக அவற்றுக்குள்ளேயே குடியிருந்து, சமைத்து, மாடு கட்டியிருந்தார்கள். தொல்லியல் துறை வந்து காலி செய்தபோது கோயில்களுக்கு மிஞ்சியது குடியிருந்தவர்களின் பெயர்தான். லாட்கான் கோயில் என்பது அங்கே வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் பெயரால் வந்தது. கௌடர் கோயில் என்றும் ஒன்று உண்டு. பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்த துர்க்கம் கோயிலுக்கும் துர்க்கைக்கும் தொடர்பில்லை. அதன் தலைமேல் ஒரு காலத்தில் காவல் அரண் இருந்தது. கோயில் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதப்படாத காலம். பந்தல் போன்ற கூரை, வடக்கத்திச் சிகரம், தெற்கத்தி விமானம், வளைந்த முதுகு என்று எல்லாவற்றையும் கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

மேகுடிக் குன்றின் மேல் சமணக் கோயில் ஒன்று, அதன் சுவரில் 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு. எழுதியவர் ரவிகீர்த்தி. புலிகேசியின் வெற்றிகளையெல்லாம் வடமொழிச் செய்யுளில் அடுக்கிவிட்டு, கடைசியில் தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமமாகச் சொல்லிக்கொள்கிறார். அந்தத் தற்பெருமைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். காளிதாசன் இந்தக் காலத்துக்கு முந்தியவன் என்று உறுதியாகச் சொல்லப் பயன்படும் சான்றுகளில் இது முக்கியமானது. அதே குன்றின் மேல் கல்திட்டைகளும் உண்டு. செத்தவர்களைக் கல்பலகையால் மூடிய அந்தப் பழைய கைகளின் வாரிசுகள்தாம் கோயில் கூரைக்கும் பலகை தூக்கியவர்கள் என்று தோன்றுகிறது.

தமிழர்களுக்கு ஐஹொளெ வேறொரு வழியில் நெருக்கம். ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழு இந்த ஊரைத் தன் தாயகமாகச் சொல்லிக்கொண்டது. நம் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் ஐயப்பொழில். அவ்வூர்ப் பரமேசுவரியின் மக்கள் என்று வணிகர்கள் தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கல் நட்டார்கள். சுமத்ராவின் பாருசில் 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டும் அவர்களுடையது. கற்பூரம் தேடிக் கடல் கடந்த அந்தச் செட்டிகளில் எத்தனை பேர் ஐஹொளெயைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? பெரும்பாலோர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மலப்பிரபாக் கரைக் கிராமம் ஒன்றின் பெயரைச் சோழநாட்டு வணிகன் தன் குலப்பெருமையாகச் சொன்னான். சாளுக்கியரும் சோழரும் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில்தான் இது நடந்தது.

பட்டதக்கல்: வெற்றிக்குக் கட்டிய கோயில்

மலப்பிரபா இங்கே வடக்கு நோக்கித் திரும்புகிறது. வடக்கே ஓடும் ஆறு புனிதம் என்ற நம்பிக்கையில் சாளுக்கியர் முடிசூட்டிக்கொள்ளும் இடமாக இதை வைத்துக்கொண்டார்கள். 1987 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். புல்வெளிக்கு நடுவே வடக்கத்திச் சிகரமும் தெற்கத்தி விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் பார்ப்பது அரிது.

பெரிய கோயில் விருபாட்சர் கோயில். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதற்காக அவன் அரசி லோகமகாதேவி கட்டுவித்தது. பக்கத்திலேயே சற்றுச் சிறிய மல்லிகார்ச்சுனர் கோயில். அவள் தங்கை திரைலோக்கியமகாதேவி எடுப்பித்தது. அக்கா தங்கை இருவரும் ஒருவனையே மணந்தவர்கள். கோயில் கட்டுவதிலும் தங்கை ஒரு படி தணிந்தே நிற்கிறாள்.

விருபாட்சர் கோயிலைப் பார்த்ததும் இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்ற எண்ணம் வரும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயல் அது. ராசசிம்ம பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலும் மணற்கல்தான். வென்ற அரசன் தோற்ற ஊரின் கோயிலைப் பார்த்து வந்து தன் ஊரில் அதே மாதிரி கட்டச் சொல்லியிருக்கிறான். கிழக்கு வாசல் கல்வெட்டு, காஞ்சியை மூன்று முறை வென்றவனின் அரசிக்காகக் கட்டிய சூத்திரதாரி குண்டன் என்று பெயரைச் சொல்லி, அவனுக்குத் திரிபுவனாச்சாரி பட்டம் தந்ததையும் சொல்கிறது. சர்வசித்தி ஆச்சாரி என்ற தென்திசைச் சூத்திரதாரியின் புகழும் இங்கே பொறித்திருக்கிறது. சிற்பங்களின் அடியில் பலதேவன், புல்லப்பன் என்று செதுக்கியவர்களின் பெயர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தச்சன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பாடகர்களுக்கு முன்னர் இருந்த உரிமைகளை லோகமகாதேவி உறுதிசெய்த செய்தியும் கல்லில் இருக்கிறது.

இதற்கு மறுபாதி காஞ்சியில் இருக்கிறது. விக்கிரமாதித்தன் ஊருக்குள் நுழைந்ததும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டான். எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தி கோயில் மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பகைவனின் தலைநகரில், பகைவனின் கோயிலில், தன் மொழியில். நூறாண்டுக்கு முன் அவன் ஊர் காஞ்சிப் படையின் கையில் என்ன பாடுபட்டது என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பழிவாங்க எல்லாக் காரணமும் இருந்தவன் கொண்டுபோனது ஒரு கட்டடக் கலையை. சாளுக்கியரை வீழ்த்திய ராட்டிரகூடர்கள் எல்லோராவில் கைலாசக் கோயிலைக் குடைந்தபோது விருபாட்சரையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். காஞ்சியில் பிறந்த வடிவம் மலப்பிரபா வழியாக எல்லோரா வரை நடந்து போயிருக்கிறது.

ஆறு இன்றும் அடங்கியிருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் மேலே நவிலுதீர்த்த அணை நிரம்பித் திறந்துவிட்டபோது பட்டதக்கல் கோயில்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஊரைக் காலி செய்யச் சொல்வதும், காலி செய்தவர்கள் திரும்பி வருவதும் மலப்பிரபாக் கரையில் பழைய வழக்கம்.

கூடலசங்கமம்: பகைவன் அடியார் ஆனது

மலப்பிரபா கிருஷ்ணாவில் கலக்கும் இடம் கூடலசங்கமம். பூணூல் வேண்டாம் என்று வீட்டைவிட்டு வந்த பசவண்ணர் படித்த ஊர். பிறகு கல்யாணம் என்ற ஊருக்குப் போய், அரசன் பிஜ்ஜளனின் அரண்மனையில் நிதிப் பொறுப்பில் இருந்து, சரணர்கள் எனப்படும் சிவனடியார்களைச் சாதி பார்க்காமல் கூட்டினார். அந்த இயக்கம் ரத்தத்தில் முடிந்த பிறகு திரும்பி வந்து இங்கேயே ஐக்கியமானார். அவருடைய வசனங்கள் அனைத்தும் கூடலசங்கம தேவனை அழைத்து முடிகின்றன.

ஆலமட்டி அணை நீர் ஏறியதால், ஐக்கிய லிங்கம் இருந்த இடத்தைச் சுற்றி ஆற்றுக்குள் கிணறு போலக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பாலத்தில் நடந்துபோய், சுருள் படிகளில் இறங்கி, சுற்றிலும் தண்ணீர் நிற்கையில் அதன் மட்டத்துக்குக் கீழே நின்று கும்பிடுகிறார்கள். நெற்றியில் விபூதி, கழுத்தில் லிங்கம். பூசாரியின் இடையீடு இல்லை.

இங்கே ஒரு தமிழ்ப் பெயர் காத்திருக்கிறது. சரணர்கள் நம் அறுபத்துமூவரைப் 'புராதனர்' என்று போற்றினார்கள். அவர்களில் கன்னடத்தில் மிகவும் ஒட்டிக்கொண்டவர் சிரியாளர். மகனை அறுத்துக் கறி சமைத்துச் சிவனடியாருக்குப் படைத்த, நம் சிறுத்தொண்ட நாயனார். மனைவி சங்கலெ, மகன் சீலாளன். சிரியாளரை வெறும் செட்டி என்று சொல்லிவிட முடியுமா என்று பசவண்ணரே கேட்கிறார். சலவைத் தொழிலாளி மாசய்யரையும் தோல் தொழிலாளி கக்கய்யரையும் பற்றி அதே கேள்வியைக் கேட்டு, குலத்தைத் தூக்கி எறிகிறார்.

சிறுத்தொண்டர் யார்? பெரிய புராணத்தின்படி, வாதாபியைத் துகளாக்கிய படைத்தலைவர் பரஞ்சோதியே அவர். அந்த வாதாபி இந்தச் சங்கமத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஊரை எரித்தவர் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஆற்றங்கரைக்கு அடியவராகத் திரும்பி வந்திருக்கிறார். யானைப்படை, வாள், தீ எல்லாம் உதிர்ந்துவிட்டன. காஞ்சியிலிருந்து வந்த ஒரு செட்டியாக, கொடுத்த வாக்குக்குப் பிள்ளையையே கொடுத்தவராக மட்டும் கன்னடம் அவரை வைத்துக்கொண்டது. அவரைப் படைத்தலைவராக நினைவு வைத்திருப்பது நாம்தான்.

மூழ்கிய ஊரும் நெய்கிற ஊரும்

இந்த மாவட்டத்தில் ஒரு நகரம் நிஜமாகவே அழிந்தது. அதற்குப் படையெடுப்பு தேவைப்படவில்லை. கிருஷ்ணாவின் குறுக்கே ஆலமட்டியில் அணை எழுந்தபோது தேங்கிய நீர் கட்டப்பிரபா வழியே ஏறி, பழைய பாகல்கோட்டின் பெரும்பகுதியையும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களையும் விழுங்கியது. அடிக்கல் 1964இல், நீர் ஏறியது நூற்றாண்டுக் கடைசியில். இடையில் ஒரு தலைமுறை முழுவதும் வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாமா வேண்டாமா என்ற குழப்பத்திலேயே கழிந்தது. 'முளுகடெ சந்த்ரஸ்தரு', அதாவது மூழ்கி வீடிழந்தவர்கள், என்பது இங்கே அரசாங்கத் தாளில் மட்டும் உள்ள சொல் அல்ல. கல்யாணப் பேச்சிலும் வந்துவிடுகிறது.

அவர்களுக்காகக் கட்டிய நவநகரம் செக்டார் எண்களால் ஆனது. அகலமான சாலைகள், மரங்கள், கலெக்டர் அலுவலகம். தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர் தன் பழைய தெருவின் கடைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். புதுத் தெருவைப் பற்றிக் கேட்டால் எண்ணைச் சொன்னார். ஹோலிக்கு மட்டும் பழைய ஊர் உயிர் பெறுகிறது. ஹலகிப் பறை முழங்க, பீப்பாய்களில் வண்ணநீர் ஏற்றிய வண்டிகள் நாள் கணக்கில் தெருக்களைச் சுற்றுகின்றன. எல்லாச் சாதியும் நனையும் திருவிழா.

பிரச்சினை முடிந்தபாடில்லை. அணையின் நீர்மட்டத்தை 519.6 மீட்டரிலிருந்து 524.256 மீட்டராக உயர்த்த 2010இல் நடுவர் மன்றம் வழிவிட்டது. கரிசலுக்குத் தண்ணீர் வேண்டும் என்கிற விவசாயியும், இன்னும் எத்தனை ஊர் போகும் என்று கேட்கிறவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். மேற்கே முதோள், ஜமகண்டிப் பக்கம் தண்ணீர் வந்ததால் கரும்பும் சர்க்கரை ஆலைகளும் வந்தன. அது வராத கிழக்கே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதோள் என்றதும் நாய் நினைவுக்கு வரும். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக ஓடும் அந்த வேட்டை நாய். கன்னடக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது ரன்னர். பத்தாம் நூற்றாண்டில் வளையல் விற்கும் குடும்பத்தில் பிறந்து, பம்பருக்கும் பொன்னருக்கும் சமமாக மும்மணிகளில் ஒருவராக உட்கார்ந்தவர். அதே வட்டாரத்து ஹலகலியில் 1857இல், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்ன ஆங்கிலேயரின் சட்டத்துக்கு வேடர்கள் பணிய மறுத்தார்கள். ஊர் எரிக்கப்பட்டது, பலர் தூக்கிலேறினார்கள். லாவணிப் பாடல் ஒன்று அந்தக் கதையை இன்னும் ஊர் ஊராகச் சொல்கிறது.

கிழக்கே இளகல். சேலை நெய்கிற ஊர். உடலைத் தனியாகவும் சிவப்பு முந்தானையைத் தனியாகவும் பாவு ஓட்டி, ஒவ்வொரு இழையையும் கொக்கிபோல் மாட்டி இணைக்கும் 'கொண்டி' முறைதான் இதன் அடையாளம். முந்தானையில் வெள்ளையால் கோட்டை மதிலும் சோளக்கதிரும் மலைத்தொடரும். பாதாமியிலிருந்து வழிநெடுகப் பார்த்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. குழித்தறியில் கால் வைத்திருந்த ஒரு நெசவாளி, "விசைத்தறிக்குக் கொண்டி போடத் தெரியாதுரீ, அதனால்தான் இன்னும் சோறு கிடைக்கிறது" என்றார். இதற்குச் சோடியான 'கண' என்னும் ரவிக்கைத் துணியைக் குளேதகுட்டத்தில் நெய்கிறார்கள்.

இளகல் மடத்தில் மகாந்த சுவாமி என்று ஒருவர் இருந்தார், 2018இல் மறைந்தார். 1975இல் தொடங்கித் தோளில் ஜோளிகை என்ற பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அரிசியோ காசோ கேட்கவில்லை. உன் குடியை, உன் பீடியை, உன் கெட்ட பழக்கத்தை இதில் போடு என்று கேட்டார். பலர் போட்டார்கள். அவர் பிறந்த ஆகஸ்ட் 1ஐக் கர்நாடக அரசு இப்போது தீய பழக்கங்களிலிருந்து விடுதலை பெறும் நாளாகக் கொண்டாடுகிறது. பசவண்ணரின் பரம்பரை எட்டு நூற்றாண்டுக்குப் பிறகும் இந்த மண்ணில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்தப் பையைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு

கார்த்திகை முதல் தை வரை போவது நல்லது. மாசிக்குப் பிறகு செம்பாறை அனலாகிவிடும். பாதாமியில் தங்கிக்கொண்டால் பட்டதக்கலும் ஐஹொளெயும் ஒரே திசையில். பேருந்திலேயே போகலாம், ஆட்டோவும் கிடைக்கும். கூடலசங்கமத்தையும் இளகலையும் இன்னொரு நாளில் சேர்த்துக்கொள்ளலாம். வழியில் அமீனகடத்தில் கரதண்டு வாங்க மறக்க வேண்டாம். பிசினை நெய்யில் பொரித்து வெல்லமும் பருப்பும் சேர்த்த இனிப்பு, ஊர் வந்து சேரும்வரை கெடாது.

இன்னொரு யோசனை, இது சற்றே கண்டிப்பானது. ரயில் ஏறுவதற்கு முன் ஒரு காலைப் பொழுது காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய், அந்தக் கன்னடத் தூணைக் கேட்டுக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாவலில் படித்த தீயை மட்டும் சுமந்துகொண்டு வாதாபிக்குப் போகிறவர் அங்கே இடிபாடுகளைத்தான் தேடுவார். திருப்பிக் கொடுத்தவனின் எழுத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு விருபாட்சர் கோயில் வாசலில் சொந்தக்காரர் வீட்டு வாசல் தெரியும்.